அத்தியாயம் 14: மறுபடியும் ரிஸ்கே

சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு, வாசலில் குனிந்து ஷூ மாட்டிக்கொண்டே, முதுகைக் காட்டியபடிதான் நொரிஹிகோ முராகோஷி விஷயத்தைச் சொன்னார். முகத்தைப் பார்த்துச் சொல்கிற தெம்பு அவருக்கு இல்லை.

“ஒரு இடத்துக்குப் போயிட்டு வந்துடறேன். பத்து மணிக்கு வரச் சொல்லியிருக்காங்க. பதினொண்ணுக்குள்ள முடிஞ்சிடும். அங்கேருந்து நேரா ஹோட்டலுக்கு வந்துடறேன்.”

பின்னால் அவர் மனைவி சனாயே நின்றிருந்தாள். இன்றைக்கென்று எடுத்துவைத்த வெள்ளி நிற டை அவள் கையில் இருந்தது. அவர் கழுத்திலோ ஏற்கெனவே கறுநீல டை.

“ஆபீஸா?”

“ம். சின்ன வேலைதான்.”

“ஏங்க, சின்ன வேலைக்கு யாராவது அந்த டையைக் கட்டிக்கிட்டுப் போவாங்களா? யார்கிட்ட மன்னிப்புக் கேக்கப் போறீங்க?”

முப்பத்தோரு வருஷமாகக் கூடக் குடித்தனம் நடத்துகிறவளிடம் டையை மறைக்க முடியுமா? நொரிஹிகோ ஷூ கயிற்றை அவிழ்த்து மறுபடி கட்டினார்.

இன்றைக்கு என்ன நாள் என்று அவருக்குத் தெரியாமல் இல்லை. ஒரே மகள் மதோகா கட்டிக்கொள்ளப் போகும் பையன் ஷுன்பெய்யின் அப்பாவும் அம்மாவும் மாட்சுயாமாவிலிருந்து ரயிலேறி நகோயாவுக்கு வருகிறார்கள். இரண்டு வீட்டாரும் முதல்முறையாக முகம் பார்த்து, சேர்ந்து சாப்பிட்டு, கல்யாணத் தேதியைப் பேசி முடிக்கிற நாள். பன்னிரண்டு மணிக்கு, விலாங்கு மீன் சாப்பாட்டுக்குப் பேர்போன ஹோட்டலில் தனி அறை சொல்லியாகிவிட்டது.

இந்த நாள் மார்ச் மாதமே வந்திருக்க வேண்டியது. ஆபீஸில் கணக்கு வருஷ முடிவு வேலை என்று நொரிஹிகோ தள்ளிவைத்தார். அப்போது மகளின் வீட்டுக்கே போய், உட்கார்ந்து, “மன்னிச்சிடும்மா” என்று கேட்டுவிட்டு வந்தார். மறுபடி ஏப்ரல் கடைசியில் வைத்தார்கள். ஆபீஸில் ஏதோ ஒரு கூட்டம் முன்னால் வந்து விழுந்தது. அந்தத் தடவை மகளுக்கு போனில் ஒரு வரி அனுப்பினார். ‘ரிஸ்கே. ஸாரி.’

ரீஷெட்யூல் என்கிற ஆங்கில வார்த்தையின் வாலை நறுக்கி எறிந்துவிட்டு ஆபீஸ்காரர்கள் வைத்திருக்கிற மிச்சம்தான் அந்த ரிஸ்கே. சொன்ன தேதிக்கு வரமாட்டேன் என்பதை வலிக்காமல் சொல்ல அதைப்போல ஒரு வார்த்தை கிடையாது. வலிக்காதது சொல்கிறவனுக்கு மட்டும்தான்.

“மூணாவது தடவை,” என்றாள் சனாயே.

“இது ரிஸ்கே இல்ல. நான் வந்துடுவேன்.”

“வீட்டுல அந்த வார்த்தையைச் சொல்லாதீங்கன்னு எத்தனை தடவை சொல்றது?”

அவள் வெள்ளி டையை மடித்து அவர் கோட்டுப் பையில் திணித்தாள். கோபமாகக்கூட இல்லை. களைத்துப்போன கை அது. திரும்பி மாடிக்குப் போய்விட்டாள்.

தெருமுனையில் கம்பெனி கார் நின்றிருந்தது. ஓட்டும் இடத்தில் செரிசாவா. வயது முப்பத்தாறு. மூன்று வருஷத்துக்கு முன்பு, ஐம்பத்தைந்து முடிந்ததும் விதிப்படி நொரிஹிகோவின் மேனேஜர் பதவியைக் கழற்றினார்களே, அதை எடுத்து மாட்டிக்கொண்டவன் இவன்தான். அதுவரை ஜன்னலோரம் இருந்த நொரிஹிகோவின் மேஜை அன்றிலிருந்து ஜெராக்ஸ் மெஷின் பக்கத்துக்கு வந்துவிட்டது.

காரில் ஏறப் போனவர் பின்சீட்டில் இருந்ததைப் பார்த்து நின்றார். ரிப்பன் கட்டிய ஒரு டப்பா. எடுத்துப் பார்த்தார். காற்றுப் போல இருந்தது. உள்ளே ஏதோ கலகலவென்றது.

“இது என்ன மேனேஜர்?”

“பிஸ்கட். இப்ப ரொம்ப டிரெண்ட். கியூல நின்னு வாங்கினேன்.”

“மன்னிப்புக்குப் போறப்ப இவ்வளவு லேசா எடுத்துட்டுப் போகக் கூடாது. கையில வாங்கினா கனக்கணும். பொலபொலன்னு உதிரக் கூடாது, கலகலன்னு சத்தமும் வரக் கூடாது.”

“அப்படி ஒரு ரூல் இருக்கா?”

“ரூல் இல்ல. வாங்கிக்கறவருக்குத் தெரியும்.”

கடைகள் திறக்கப் பத்து மணியாகும். நொரிஹிகோ ஒரு நிமிஷம் யோசித்தார். பிறகு திரும்பி வீட்டை நோக்கி நடந்தார். ஷூ ரேக்கின்மேல் ஊதா நிறத் துணியில் கட்டிய பெட்டி ஒன்று இருந்தது. சம்பந்திகளுக்குக் கொடுக்க சனாயே ஒரு மாதம் முன்பே சொல்லிவைத்து வாங்கிய யோகான். சிவப்புப் பயற்று அல்வாக் கட்டிகள், பன்னிரண்டு. செங்கல் போலக் கனம்.

மாடியில் சனாயே தலைவாரிக்கொண்டிருக்கும் சத்தம் கேட்டது. தன் வீட்டிலேயே திருடனைப் போலக் கதவை மெல்லச் சாத்திவிட்டு வந்தார்.

காரில் ஏறியதும் அவளுக்குச் செய்தி அனுப்பினார். ‘யோகான் பெட்டியை எடுத்துக்கொண்டேன். ஸ்டேஷனில் வேறு வாங்கிவிடு.’ படித்துவிட்டாள் என்று காட்டியது. பதில் இல்லை.

மழை பிடித்துக்கொண்டது. ஜூன் மாதத்து மழை, பெய்தும் தொலையாது, விட்டும் தொலையாது.

“முராகோஷி சான், ஒண்ணு கேக்கலாமா?” என்றான் செரிசாவா, மரியாதைக்கு ஒரு ‘சான்’ சேர்த்து, ரோட்டைப் பார்த்தபடி. “சுருக்கமா எழுதுங்கன்னு நான் சொன்னது உண்மைதான். ஆனா அந்தக் கிழவருக்கா அப்படி எழுதச் சொன்னேன்?”

“இல்ல. தப்பு என்மேலதான்.”

“அதை நீங்களே சொல்லிட்டீங்க இல்ல? நான் உங்களை வற்புறுத்தினதா ஆகாதே? இப்பல்லாம் ஒரு வார்த்தை சொன்னாலே பவஹராங்கறாங்க. கீழ வேலை செய்யறவங்களைக் கொடுமைப்படுத்தறேன்னு எழுதிக் கொடுத்துட்டா என் கதி என்ன?”

“எழுதிக் கொடுக்க மாட்டேன். பயப்படாம ஓட்டுங்க.”

“தேங்க்ஸ்,” என்றான் அவன். உண்மையாகவே நிம்மதியடைந்தவனைப் போலிருந்தது.

நடந்தது இதுதான். நொரிஹிகோ கடிதம் எழுதினால், மழைக்காலம் தொடங்கிய இந்த ஈர நாட்களில் தாங்கள் நலமா என்று விசாரித்து, எப்போதும் காட்டும் ஆதரவுக்கு நன்றி சொல்லி, மூன்றாவது பத்தியில்தான் விஷயத்துக்கு வருவார். முப்பது வருஷமாக அப்படித்தான். “உங்க மெயிலைப் படிக்க மூணு நிமிஷம் ஆகுது, முராகோஷி சான். கப் நூடுல்ஸ் வேகற நேரம்,” என்று மே மாதக் கூட்டத்தில் எல்லார் முன்னாலும் செரிசாவா சொன்னான். சின்னப் பிள்ளைகள் சிரித்தார்கள்.

அன்றிலிருந்து நொரிஹிகோ மாறினார். ஆபீஸில் காதில் விழுகிற நறுக்கு வார்த்தைகளை எல்லாம் தானும் போட்டு எழுத ஆரம்பித்தார். தள்ளிக் கிடக்கும் வேலை பெண்டிங். உடனே வேண்டுமென்றால் அசாப். பக்கத்து மேஜைப் பெண், “முராகோஷி சான் இப்ப எங்க செட் ஆயிட்டாரு,” என்றாள். சந்தோஷமாகத்தான் இருந்தது அவருக்கு. ஜெராக்ஸ் மெஷின் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற மனுஷனுக்கு அந்தச் சந்தோஷம் கொஞ்சமா?

போன புதன்கிழமை செரிசாவா அவர் மேஜையைத் தாண்டிப் போகும்போது, “பதினெட்டாம் தேதி ஹிபினோ மீட்டிங்கை ரிஸ்கே பண்ணிடுங்க,” என்று சொல்லிவிட்டுப் போனான். இரண்டு போன் அழைப்புக்கு நடுவே நொரிஹிகோ தட்டி அனுப்பினார். இரண்டே வரி. அனுப்பிய பிறகுதான் உறைத்தது, எப்பேர்ப்பட்டவருக்கு அனுப்பினோம் என்று.

ஹிபினோ, மிசோ என்கிற சோயா விழுது தயாரிக்கும் ஆலையின் சேர்மன். எண்பத்தொரு வயது. இருபத்தாறு வருஷமாக இவர்களிடம்தான் அட்டைப்பெட்டி வாங்குகிறவர். நேற்று, வெள்ளிக்கிழமை சாயங்காலம், தூரிகையால் எழுதிய பதில் ஃபேக்ஸில் வந்து இறங்கியது. ‘இத்தனை ஆண்டுகள் தந்த பெட்டிகளுக்கு நன்றி. இனித் தேவைப்படாது.’ டிபார்ட்மென்ட்டின் ஆர்டரில் மூன்றில் ஒரு பங்கு அந்த ஒரு தாளோடு போய்விட்டது. அறுபதில் ஓய்வு கொடுத்த பிறகு நொரிஹிகோவை மறுபடி வேலைக்கு எடுப்பார்கள் என்கிற நம்பிக்கையும் அதோடு சேர்ந்தே போயிருக்கும். கெஞ்சி வாங்கிய நேரம்தான் இந்தச் சனிக்கிழமை பத்து மணி.

ஆலைக்கு அவர்கள் ஒன்பது ஐம்பதுக்கே போய்விட்டார்கள். ஒரு பெண் வந்து பாய் விரித்த அறையில் உட்காரவைத்தாள். இருவரும் மண்டியிட்டு, குதிகால்மேல் உட்கார்ந்தார்கள். யோகான் பெட்டி நொரிஹிகோவின் வலது பக்கம்.

“சேர்மன் ஐயா பீப்பாய்க் கொட்டகையில இருக்காரு. கொஞ்சம் காத்திருங்க,” என்றாள் அந்தப் பெண்.

பத்தரை ஆயிற்று. பதினொன்றும் ஆயிற்று. அந்தப் பெண் ஆறிப்போன டீயை எடுத்துக்கொண்டு சூடான டீ வைத்துவிட்டுப் போனாள். யாரும் வரவில்லை. மன்னிப்புக் கேட்கப் போன இடத்தில் கடிகாரம் பார்க்கக் கூடாது, காலை மாற்றி உட்காரக் கூடாது, எப்போது வருவார் என்று கேட்கவே கூடாது. செரிசாவாவுக்குக் கால் மரத்துப்போய் முகமெல்லாம் வேர்த்திருந்தது.

“வேணும்னே பண்றாரு,” என்று பல்லைக் கடித்துக்கொண்டு முணுமுணுத்தான்.

“ஆமா.”

“இன்னும் எவ்வளவு நேரம்?”

“அவருக்குப் போதும்னு தோணற வரைக்கும்.”

நொரிஹிகோவின் கோட்டுப் பையில் போன் அதிர்ந்தது. சற்று விட்டு மறுபடி அதிர்ந்தது. சனாயேதான். அல்லது மதோகா. ஹோட்டலுக்கு வந்திருப்பார்கள். மாட்சுயாமாக்காரர்களும் வந்திருப்பார்கள்.

அவர் கை பையை நோக்கிப் போவதைப் பார்த்து, “எடுக்காதீங்க,” என்று கிசுகிசுத்தான் செரிசாவா. “கரெக்டா அந்த நேரம் பார்த்து அவர் உள்ள வந்தா எல்லாம் போச்சு.”

கை திரும்பி முழங்காலுக்கு வந்தது. போன் மூன்றாவது முறை அதிர்ந்து ஓய்ந்தது. அழ வேண்டும் போலிருந்தது நொரிஹிகோவுக்கு. ஐம்பத்தெட்டு வயதில் அடுத்தவன் வீட்டுப் பாயில் உட்கார்ந்து அழ முடியுமா என்ன?

பன்னிரண்டு ஐந்துக்குக் கதவு நகர்ந்தது. வேலை செய்யும் நீல அங்கியோடு, மிசோ வாசனை அடிக்க, ஹிபினோ உள்ளே வந்து எதிரில் உட்கார்ந்தார். இருவரும் நெற்றி பாயில் படக் குனிந்தார்கள். கிழவர் நிமிரச் சொல்லவில்லை. அங்கியின் உள்பையிலிருந்து நாலாக மடித்த தாளை எடுத்தார்.

“பதினெட்டாம் தேதி மீட்டிங் ரிஸ்கே. புது தேதி அசாப் சொல்கிறோம்.” படித்துவிட்டுத் தாளைப் பாயில் வைத்தார். “இதுக்கு என் பொண்ணு அர்த்தம் சொன்னா. நிமிருங்க.”

“நான் எழுதினதுதான் ஐயா. மன்னிச்சிடுங்க. இத்தனை வருஷம் பழகின உங்களுக்கு இப்படிப்பட்ட வார்த்தையில எழுதினது…”

“நான் வார்த்தைக்காகக் கோவிச்சுக்கிட்டேன்னா நினைக்கிறீங்க, முராகோஷி சான்?”

“இந்த மீட்டிங்கை நீங்க மாத்தறது நாலாவது தடவை. முதல் தடவை நேர்ல வந்தீங்க. இதே இடத்துல உக்காந்து மன்னிப்புக் கேட்டீங்க. ரெண்டாவது தடவை போன் பண்ணீங்க. மூணாவது தடவை லெட்டர். நல்ல நீளமான லெட்டர்தான். இப்ப ரெண்டு வரி. அடுத்த தடவை ஒண்ணும் வராதுன்னு எனக்குப் பட்டுது. அது வரைக்கும் நான் எதுக்குக் காத்துக்கிட்டு இருக்கணும்?”

நொரிஹிகோவுக்கு முகம் சுட்டது. மகளுக்கும் இதே வரிசைதானே? முதலில் வீட்டுக்கே போனார். அப்புறம் ஒரு வரி. இன்றைக்கு மூன்று முறை போன் அதிர்ந்தும் எடுக்கவில்லை. இன்றைக்கு ஒரு வரிகூட இல்லை.

செரிசாவா தன் பங்குக்குக் குனிந்து ஏதேதோ சொன்னான். பொறுப்பு தன்னுடையது, மேற்பார்வை போதவில்லை, இனிமேல் நேரில்தான். கிழவர் கேட்டுக்கொண்டார். பிறகு யோகான் பெட்டியைத் தன் பக்கம் இழுத்து, கையில் தூக்கிப் பார்த்தார். முகம் கொஞ்சம் இளகியது.

“சரி. சாப்பிட்டுட்டுப் பேசலாம். உள்ள சொல்லியிருக்கேன்.”

செரிசாவா மூச்சு விட்டான். சாப்பிடக் கூப்பிட்டால் மன்னித்தாயிற்று என்று அர்த்தம். வேண்டாம் என்றால் மன்னிப்பையே திருப்பிக் கொடுத்ததாக அர்த்தம். அது நொரிஹிகோவுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

“ஐயா,” என்றார். “நான் சாப்பிட இருக்க முடியாது.”

செரிசாவா திரும்பிப் பார்த்த பார்வையில் உயிர் இல்லை.

“என் மகளோட வருங்கால மாமனார் மாமியார் மாட்சுயாமாலேருந்து வந்திருக்காங்க. இன்னிக்குத்தான் ரெண்டு வீட்டாரும் சந்திக்கிறோம். பன்னிரண்டு மணிக்கு.”

“மணி இப்பப் பன்னிரண்டே கால்.”

“ஆமாங்க.”

“இது எப்பலேருந்து உங்களுக்குத் தெரியும்?”

“ஒன்றரை மாசமா. இதுக்கு முன்னாடி ரெண்டு தடவை மாத்தினேன்.”

ஹிபினோ அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். திட்டப் போகிறார் என்று நினைத்துக் காத்திருந்தார் நொரிஹிகோ. திட்டியிருந்தால்கூடத் தேவலை.

“உங்க வீட்டுலயும் இதையேதான் பண்ணிட்டிருக்கீங்க,” என்றார் கிழவர் மெதுவாக. “எழுந்து போங்க. இந்த மேனேஜர் என்கூடச் சாப்பிடுவார்.”

“ஐயா, ஆர்டர் விஷயம்…” என்று ஆரம்பித்தான் செரிசாவா.

“உங்களைச் சாப்பிடச் சொன்னேன்.”

கால் மரத்துப்போயிருந்ததால் நொரிஹிகோவால் சட்டென்று எழ முடியவில்லை. கதவு வரை தவழாத குறையாகப் போனார். அந்த ஊரில் டாக்ஸி ஏது? மழையில் பதினைந்து நிமிஷம் ஸ்டேஷனுக்கு ஓட்டமும் நடையுமாகப் போய்ச் சேர்ந்தபோது ரயிலின் வால்தான் தெரிந்தது. அடுத்தது அரை மணி கழித்து. நடைமேடையில் நின்று போனை எடுத்தார். ‘வந்துகொண்டிருக்கிறேன்’ என்று அடித்தார். அழித்தார். சனாயேவைக் கூப்பிட்டார். போன் அணைத்து வைக்கப்பட்டிருந்தது.

ரயில் பெட்டியின் கதவோரம் நின்று கறுநீல டையை உருவினார். வெள்ளி டையைக் கட்டிக்கொண்டார். எதிர் சீட்டில் இருந்த பள்ளிக்கூடப் பெண் வேடிக்கை பார்த்தாள்.

ஹோட்டல் வாசலை எட்டியபோது இரண்டு மணிக்கு ஐந்து நிமிஷம் இருந்தது. உள்ளே நுழையும் இடத்திலேயே, மரப்படியில் உட்கார்ந்து, வெயிலில் கறுத்த கழுத்தோடு ஒருவர் ஷூ மாட்டிக்கொண்டிருந்தார். ஆரஞ்சுத் தோட்டக்காரர் என்று மதோகா சொல்லியிருக்கிறாள். பக்கத்தில் அவர் மனைவி. இந்தப் பக்கம் ஷுன்பெய், மதோகா, சனாயே. எல்லாரும் கிளம்பியாயிற்று.

நொரிஹிகோ ஈரத்தோடு அங்கேயே குனிந்தார். எவ்வளவு நேரம் குனிந்திருந்தார் என்று அவருக்கே தெரியாது.

“ஐயையோ, நிமிருங்க சம்பந்தி,” என்றார் கோனோ, ஷுன்பெய்யின் அப்பா. “வேலைன்னா வேலைதான். மழைக்கு முந்தி மரத்துக்கு மருந்தடிக்கணும்னா நானும் கல்யாணம் கருமாதி எதையும் பார்க்க மாட்டேன். உங்க பங்கு மீனை வேற நான் சாப்பிட்டுட்டேன். வீணாப் போகுமேன்னுதான். நீங்கதான் என்னை மன்னிக்கணும்.”

அந்த மனுஷன் சிரித்துக்கொண்டே சொன்னார். திட்டு வாங்கத் தயாராக வந்தவருக்கு இந்த நல்ல மனசைத் தாங்கிக்கொள்வது பெரும்பாடாக இருந்தது.

“ரெண்டே முக்காலுக்கு எங்களுக்கு ரயில். ஆனா விஷயமெல்லாம் முடிஞ்சிடுச்சு,” என்றார் கோனோவின் மனைவி. “தேதியும் குறிச்சாச்சு. நல்ல நாள். உங்க வீட்டம்மா அன்னிக்கு உங்களுக்கு ஒரு வேலையும் இருக்காதுன்னு சொன்னாங்க. சரிதானுங்களே?”

நொரிஹிகோ சனாயேவைப் பார்த்தார். அவள் சம்பந்தியம்மாவின் பையைக் கையில் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

“சரிதாங்க. ஒரு வேலையும் இல்ல,” என்றார்.

“அப்ப அன்னிக்குப் பார்க்கலாம் சம்பந்தி.”

“கண்டிப்பா.”

டாக்ஸி வந்தது. ஷுன்பெய்யும் பெற்றோரோடு ஏறிக்கொண்டான். டாக்ஸி வளைவில் திரும்பி மறைகிற வரை மூன்று பேரும் வாசலில் நின்று குனிந்தார்கள். நிமிர்ந்ததும் யாரும் யாரையும் பார்க்கவில்லை. வாசல் கூரையின் விளிம்பிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

“மதோகா. அப்பா வேணும்னு…”

“தெரியும்ப்பா. மன்னிப்புக் கேக்கப் போனீங்கன்னு அம்மா சொன்னாங்க. கேட்டாச்சா?”

“ம்.”

“மன்னிச்சாங்களா?”

“தெரியல.”

மதோகா தலையாட்டினாள். இரண்டு மணி நேரம் பிறத்தியார் முன்னால் சிரித்து உட்கார்ந்திருந்த களைப்பு அவள் முகத்தில் அப்படியே தெரிந்தது. முன்பெல்லாம் கோபம் வந்தால் கத்துவாள். இன்றைக்குக் கத்தவில்லை.

“என்னிக்குக் கல்யாணம்?” என்று கேட்டார்.

“சொல்ல மாட்டேன்ப்பா.”

“என்னம்மா இது விளையாட்டு?”

“விளையாட்டு இல்ல. தேதி தெரிஞ்சா நீங்க அதை மாத்துவீங்க. உங்களைக் குறை சொல்லலப்பா. உங்களுக்குத் தேதின்னு ஒண்ணு இருக்கறதே மாத்தத்தான். இதை மாத்த முடியாது. அவங்க வீட்டுல அறுவடைக்கு நடுவுல ஒரே ஒரு நாள் ஒதுக்கிக் கொடுத்திருக்காங்க.”

“உன் கல்யாணத்தைப் போய் நான் மாத்துவேனா?”

“இன்னிக்கு உங்க தட்டை மூடி வச்சிட்டு ஒரு மணி நேரம் எல்லாரும் சாப்பிடாம இருந்தோம். நிமிஷத்துக்கொரு தடவை அம்மா, ‘வந்துடுவார், வந்துடுவார்’னு சொல்லிட்டிருந்தாங்க. எனக்கு உங்க மேலகூட வருத்தம் வரல. அம்மாவைப் பார்க்கத்தான் முடியல.”

சனாயே குடையின் பித்தானை அவிழ்ப்பதும் போடுவதுமாக இருந்தாள்.

“நீயாவது சொல்லு சனாயே.”

“நானும் சேர்ந்துதாங்க முடிவு பண்ணினேன்.”

“தேதியே தெரியாம நான் எப்படி வர்றது?”

“அன்னிக்குக் காலையில அம்மா உங்களை எழுப்பிச் சொல்வாங்க,” என்றாள் மதோகா. “வர முடிஞ்சா கிளம்பி வாங்க. முடியலைன்னா எப்பவும் போல ஆபீஸ் போங்க. யாரும் உங்களுக்கு போன் பண்ணித் தொந்தரவு பண்ண மாட்டோம்.”

அதைச் சொல்லும்போதுதான் அவள் குரல் ஒரு இடத்தில் உடைந்தது. உடனே சரிசெய்துகொண்டாள்.

இத்தனை வருஷம் நொரிஹிகோ எத்தனையோ பேர் முன்னால் எப்படியெல்லாமோ மன்னிப்புக் கேட்டிருக்கிறார். எவ்வளவு குனிய வேண்டும், எத்தனை நொடி குனிந்திருக்க வேண்டும் எல்லாம் அத்துப்படி. பெற்ற மகள் முன்னால் ஒன்றும் உதவவில்லை. கை இரண்டையும் எங்கே வைப்பதென்றுகூடத் தெரியாமல் நின்றார்.

அந்த நேரம் பார்த்துப் பையில் போன் அடித்தது. செரிசாவா.

“எடுங்க,” என்றாள் சனாயே. “எடுக்கலைன்னா அதுக்கும் ஒரு மன்னிப்புக் கேக்கப் போகணும்.”

எடுத்தார்.

“முராகோஷி சான், ஆர்டர் திரும்பிடுச்சு,” என்றான் செரிசாவா. குரல் தணிந்திருந்தது, கிழவரின் வீட்டு வராந்தாவிலிருந்து பேசுகிறான் போல. “என் முழங்கால் செத்துடுச்சு, அது வேற கதை. ஆனா ஒரு நிபந்தனை போடறார். ஆலைக்கு இந்த வருஷம் நூத்தி இருபதாவது வருஷ விழா. வேற யாரும் வேணாம், முராகோஷி நேர்ல வரணும், அன்னிக்குப் பூரா கூட இருக்கணும்ங்கறார். வர்றேன்னு சொன்னா மறுபடி பெட்டி எடுத்துக்கறாராம். இந்தத் தேதியை மட்டும் மாத்தினா அதோட சரியாம்.”

“எந்தத் தேதி?”

“நவம்பர் ரெண்டாவது சனிக்கிழமை. ஃப்ரீதானே நீங்க? ஓகே சொல்லிடட்டுமா?”

நவம்பர், ஆரஞ்சு அறுவடைக் காலம். நொரிஹிகோ போனைக் காதிலிருந்து இறக்கி, கையால் பொத்திக்கொண்டார்.

“நவம்பர் ரெண்டாவது சனிக்கிழமையா?” என்று மகளைக் கேட்டார். “மதோகா, அதை மட்டும் சொல்லு. அந்த நாள் இல்லைன்னு மட்டும் சொன்னாப் போதும்.”

சனாயேவின் விரல் குடைப் பித்தானிலேயே நின்றது. மதோகா அப்பாவை ஏறிட்டுப் பார்த்தாள். அந்த முகத்திலிருந்து ஆமாம் என்றும் எடுக்க முடியவில்லை, இல்லை என்றும் எடுக்க முடியவில்லை.

“ஒவ்வொரு நாளாக் கேட்டாலும் சொல்ல மாட்டேன்ப்பா,” என்றாள். “நீங்களே முடிவு பண்ணிக்குங்க.”

இரண்டு பேரும் ஒரே குடைக்குள் புகுந்து மழையில் இறங்கி நடந்தார்கள். அவருக்கென்று குடை இல்லை.

“முராகோஷி சான்? லைன்ல இருக்கீங்களா? அவர் உள்ள உக்காந்து காத்துக்கிட்டிருக்கார். இப்பவே பதில் சொல்லணும்.”

“இருக்கேன்,” என்றார் நொரிஹிகோ. கண் அந்தக் குடையின் பின்னாலேயே போய்க்கொண்டிருந்தது.